யூதப்பள்ளிக்கென்று தனிக் கட்டட வடிவம் உண்டா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 7 ஜனவரி 2024

மட்டாஞ்சேரி யூதர்களின் தொழுகைக்கூடத்தைப் பார்த்து வந்தேன். வெளியிலிருந்து அது ஓடு வேய்ந்த கேரளத்துப் பெரிய வீடு போலத்தான் இருக்கிறது. புடாபெஸ்டில் உள்ளதைப் படத்தில் பார்த்தால் மசூதி போலவும், கொல்கத்தாவில் உள்ளது உயர்ந்த கோபுரத்தோடு தேவாலயம் போலவும் தெரிகின்றன. கோவிலுக்கு விமானம் இருக்கிறது, மசூதிக்கு மினார் இருக்கிறது. இவர்களுக்கென்று ஒரு வடிவமும் இல்லையா? தமிழில் இதை எப்படி அழைப்பது சரி?

8 ஜனவரி 2024

வெளி வடிவம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை. விதிகள் எல்லாம் உட்புறத்தைப் பற்றியவை. தொழுவோர் எருசலேமை நோக்கி நிற்க வேண்டும். அந்தத் திசைச் சுவரில், மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை இருக்க வேண்டும். சுருளை விரித்து ஊரார் கேட்க உரக்க வாசிப்பதற்கு ஒரு மேடை வேண்டும். பேழைக்கு முன் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். நம் கல்வெட்டுகள் நந்தா விளக்கு என்று சொல்வதைப் போன்றது அந்த விளக்கு. கூடத்துக்குச் சாளரம் இருக்க வேண்டும் என்றும் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. விவிலியத்தில் வரும் தானியேல் எருசலேமை நோக்கித் திறந்திருந்த சாளரத்தருகே முழந்தாளிட்டு வேண்டினான் என்பது அதற்கு ஆதாரம்.

கருவறையோடு இதை ஒப்பிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எருசலேமின் கோவில் கி.பி. 70இல் உரோமரால் அழிக்கப்பட்ட பின், பலியும் குருமாரும் இல்லாத வழிபாடாக யூதர் வழிபாடு மாறியது. வயது வந்த ஆண்கள் 10 பேர் கூடினால் எந்த அறையிலும் கூட்டுத் தொழுகை நடத்தலாம் என்பது மரபு. பேழைக்குள் இருப்பது ஒரு நூல். அதை வெளியே எடுத்து, மக்கள் நடுவே கொண்டுவந்து, வாசித்து, திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆகவே இக்கட்டடத்தில் மையங்கள் இரண்டு: நூல் உறங்கும் இடம், நூல் பேசும் இடம். இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், யார் எங்கே அமர்வது என்பதுதான் இக்கட்டடக் கலையின் முழுக் கணக்கு என்று நான் கருதுகிறேன்.

9 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் தேவை. கோவில் அழிந்த பிறகுதான் தொழுகைக்கூடங்கள் தோன்றின என்ற எண்ணத்தை என் வாக்கியம் தருகிறது. அது சரியல்ல. கோலான் மேட்டில் உள்ள காம்லா என்னும் ஊர் கி.பி. 67இல், அதாவது கோவில் அழிவதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, உரோமப் படையிடம் வீழ்ந்து கைவிடப்பட்டது. அங்கே அகழ்ந்தெடுத்த கூடத்தில் 4 பக்கச் சுவரோரமும் படிப்படியான கல்லிருக்கைகள் உள்ளன. எல்லோரும் நடுவெளியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். எருசலேமிலேயே கிடைத்த தெயோதோத்தோஸ் என்பவரின் கிரேக்கக் கல்வெட்டு, தோராவை வாசிப்பதற்காகவும் கட்டளைகளைக் கற்பிப்பதற்காகவும் வெளியூரிலிருந்து வருவோர் தங்குவதற்காகவும் அவர் ஒரு கூடம் கட்டியதைச் சொல்கிறது. வாசிப்பு, கற்பித்தல், தங்கல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

9 ஜனவரி 2024, இரவு

பெயர் பற்றிய கேள்வியை விட்டுவிட்டேன். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ஜெப ஆலயம் என்றும், கத்தோலிக்கரிடையே இப்போது வழங்கும் மொழிபெயர்ப்பில் தொழுகைக்கூடம் என்றும் வருகிறது. பின்னது பொருத்தமானது, எபிரேயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் கூடுமிடம் என்ற பொருளையே தருகின்றன.

ஆயினும் எனக்குப் பிடித்த சொல் கேரளத்தார் சொல்வது: யூதப்பள்ளி. சமண முனிவரின் உறைவிடம் பள்ளி, முஸ்லிம்கள் தொழுவது பள்ளிவாசல், பிள்ளைகள் படிப்பதும் பள்ளி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கள் இத்திய (யித்திஷ்) மொழியில் இக்கட்டடத்தை ஷுல் என்கிறார்கள். அதன் பொருளும் பள்ளிக்கூடம் என்பதே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், தொழும் இடத்துக்கும் கற்கும் இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன. இனி இங்கே யூதப்பள்ளி என்றே எழுதுகிறேன்.

14 ஜனவரி 2024

என் தந்தை நாகர்கோவிலில் மரவேலை செய்தவர். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் தலையை நிமிர்த்தி உத்தரத்தையும் கைமரத்தையும் பார்க்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. முதல் முறை மட்டாஞ்சேரிக்கு ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அன்று ஓய்வுநாள் என்பதால் கதவு திறக்கவில்லை. மறுநாள் போனபோது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஐரோப்பாவில் யூதர்கள் காலணியோடுதான் தொழுகிறார்கள். கேரளத்து யூதர்களோ, சுற்றியிருந்த கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் மக்கள் செய்வதைப்போல வெறுங்காலோடு உள்ளே சென்றார்கள். பக்கத்திலேயே பகவதி கோவிலும் கொச்சி அரசரின் அரண்மனையும் நிற்கின்றன.

பரதேசிப் பள்ளி எனப்படும் இது 1568இல் கட்டப்பட்டது. 1662இல் போர்த்துகீசியர் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் மணிக்கூண்டைக் கட்டினார். கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்து, ஒன்றில் உரோம எண், ஒன்றில் மலையாள எண் என மணி காட்டும் முகங்கள் வேறுபடுகின்றன. எந்த முகத்தை யார் பார்ப்பார்கள் என்று எண்ணிச் செய்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால் புரியும். 1968இல் நடந்த 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். இந்திய அஞ்சல் துறை தபால்தலையும் வெளியிட்டது.

தரையில் நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் எல்லோரும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று சொல்கிறார்கள். கையால் தீட்டியவை என்பதால் தூரிகைக் கோடு ஓட்டுக்கு ஓடு மாறுகிறது என்பது மெய். ஆனால் குனிந்து பார்த்தால் அதே சித்திரம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். ஆயிரம் தனித்தனிக் கற்பனைகளைத் தேடுவதை விட, ஒரே மரத்தை நூறு முறை தீட்டிய கையின் சோர்வையும் உற்சாகத்தையும் கோட்டில் தேடுவது எனக்கு நிறைவாக இருந்தது.

15 ஜனவரி 2024

நான் கண்டவற்றுள் மனத்தில் நிற்பது பரதேசிப் பள்ளி அல்ல, பரவூர்ப் பள்ளிதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார் என்பவர் அதை எழுப்பினார். பெயரின் இறுதியைப் படித்து வியக்கும் தமிழருக்கு ஒரு விளக்கம்: கொச்சி அரசர் யூதர்களின் தலைவருக்கு அளித்த பட்டம் முதலியார்.

தெருவிலிருந்து வாயில்மாடம், அதன் பின் மூடிய நீண்ட நடை, பின்பு முற்றம், முன்கூடம், அதற்கும் பின்பே தொழுகைக்கூடம் என்று அது படிப்படியாக உள்வாங்குகிறது. கேரளத்துக் கோவிலுக்குப் போகிறவரின் கால்களுக்கு இந்த நடை பழக்கமானது. கூரைச் சரிவும் மச்சும் சட்டங்களும் ஊர் ஆசாரிகளின் கைவேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

21 ஜனவரி 2024

புடாபெஸ்ட் பற்றி. தோகாணித் தெருப் பள்ளி 1854 முதல் 1859 வரை கட்டப்பட்டது. அதை வடிவமைத்த லூட்விக் ஃபர்ஸ்டர் யூதர் அல்லர். ஏறத்தாழ 3,000 பேர் அமரும் கூடம் அது. கூம்பு போன்ற குமிழ்களை ஏந்திய இரண்டு கோபுரங்களும், பட்டை பட்டையாய் அடுக்கிய செங்கற்களும் சேர்ந்து, மசூதி என்ற மயக்கத்தைத் தருகின்றன.

ஏன் அப்படி? 19ஆம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பிய யூதர்கள் மெல்ல மெல்லக் குடியுரிமை பெற்று, சந்துகளை விட்டுப் பெருந்தெருவில் கட்டும் வாய்ப்பைப் பெற்றார்கள். அப்போதுதான் எந்த முகத்தோடு தெருவில் நிற்பது என்ற கேள்வி முதல் முறையாக எழுந்தது. கூர்வளைவு கொண்ட கோதிக் பாணி கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு உரியதாகிவிட்டது. கீழைநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கருதப்பட்டதால், முஸ்லிம் ஸ்பெயினின் பாணி இவர்களுக்குப் பொருந்தும் என்று கட்டடக்கலைஞர்கள் எண்ணினார்கள். யூதர்களிலும் பலர், தம் முன்னோர் ஸ்பெயினில் கவிஞராகவும் மருத்துவராகவும் அமைச்சராகவும் வாழ்ந்த காலத்தின் நினைவாக அதை விரும்பினார்கள்.

ஸ்பெயினின் தொலேதோ நகரில் இந்தப் பாணியின் மூலம் நிற்கிறது. இப்போது சாந்தா மரியா லா பிளாங்கா என்ற தேவாலயப் பெயரில் அறியப்படும் பழைய யூதப்பள்ளியில் வெண்சுதைத் தூண்கள் மேல் குதிரை இலாட வளைவுகள் வரிசை வரிசையாகச் செல்கின்றன. அதே ஊரில், அரசன் பேத்ருவின் கருவூல அதிகாரி சாமுவேல் அலேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய எல் திரான்சித்தோவின் சுதைச் சுவர்களில் எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் அருகருகே ஓடுகின்றன. கட்டியவரை அரசனே சில ஆண்டுகளில் சிறையிலடைத்துச் சாகடித்தான். 1492இல் யூதர் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். சுவர் மட்டும் தங்கியது.

தொலேதோவின் வளைவு அந்த ஊர்க் கொத்தனாரின் இயல்பான பேச்சு. புடாபெஸ்டின் குமிழ் அப்படியல்ல; அது தெரிந்தெடுத்துச் சொன்ன சொல். இரண்டும் ஒன்றைப்போல் தோன்றினாலும் ஒன்றல்ல.

22 ஜனவரி 2024

அந்தத் தெரிவு எவ்வளவு துணிவானது என்பதற்கு பெர்லின் சாட்சி. ஒரானியன்பர்கர் தெருவின் புதிய யூதப்பள்ளி 1866இல் பொன்பூசிய விலாக்களோடு கூடிய பெரிய குவிமாடத்துடன் திறக்கப்பட்டது. 1938 நவம்பர் இரவில் ஜெர்மனியெங்கும் யூதப்பள்ளிகள் எரிந்தபோது, ஓட்டோ பெல்கார்ட் என்ற காவல் அதிகாரி, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று சொல்லி, தீ வைத்தவர்களை விரட்டித் தீயணைப்புப் படையை வரவழைத்தார். பின்பு 1943இல் குண்டுவீச்சில் சிதைந்தது. 1958இல் பெரிய கூடம் இடித்து அகற்றப்பட்டது. இன்று நிற்பது முகப்பும் மீட்டெடுத்த குவிமாடமும்தான். பின்னால் கூடம் இருந்த இடம் வெற்றுத் தரை.

3 பிப்ரவரி 2024

அதே வாசகர் மீண்டும் கேட்கிறார்: "உருவம் வரையக் கூடாது என்ற கட்டளை இருப்பதால் ஓவியக்கலை இவர்களிடம் வளரவில்லை என்று கொள்ளலாமா?"

இதையே நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். நம்பிக்கையை உடைத்தது சிரியாவில் யூப்ரதீசு ஆற்றங்கரையில் உள்ள தூரா ஐரோபோஸ். ஒரு வீட்டை மாற்றியமைத்து உருவாக்கிய அந்த யூதப்பள்ளியின் கூரை ஓட்டில் உள்ள எழுத்து கி.பி. 244-245ஐச் சேர்ந்தது. சுவர் முழுவதும் மனித உருவங்கள்: குழந்தை மோசேயை ஆற்றிலிருந்து எடுக்கும் பார்வோனின் மகள், கடலைக் கடக்கும் மக்கள், உலர்ந்த எலும்புகள் உயிர்பெறுவதைக் காணும் எசேக்கியேல். 256ஐ ஒட்டிப் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, ஊர்மதிலைப் பலப்படுத்த மதிலோரக் கட்டடங்களில் மண்ணை நிரப்பினார்கள். ஊர் அழிந்தது; மண்ணுக்குள் ஓவியம் பிழைத்தது. 1932இல் வெளிப்பட்டது. இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவது சான்று இஸ்ரேலில் உள்ள பேத் அல்ஃபா. 1928இல் நீர்க்கால்வாய் தோண்டிய குடியிருப்பாளர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது 6ஆம் நூற்றாண்டுக் கற்பதிகை (மொசைக்) தரை. அதன் நடுவில் 12 இராசிகளும், அவற்றின் நடுவே நான்கு குதிரை பூட்டிய தேரில் கதிரவனும் உள்ளனர். மூலைகளில் உள்ள பருவங்கள் தமக்குரிய இராசிகளோடு பொருந்தாமல் இடம் மாறி நிற்கின்றன. செய்தவர்கள் மரியானோசும் அவர் மகன் கனினாவும் என்று தரையே சொல்கிறது. தகப்பனும் பிள்ளையுமாகத் தொழில் செய்து, வேலை முடிந்ததும் பெயரைப் பொறித்த அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு என் வீட்டு முற்றத்துச் சிராய்த்தூள் நினைவுக்கு வருகிறது.

4 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பு பழங்காலத்தோடு நின்றுவிட்டது. போலந்து, உக்ரைன் பகுதிகளின் மரப் பள்ளிகளைச் சொல்லாமல் ஓவியம் பற்றிப் பேசுவது குறை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த இவை வெளியே அடுக்கடுக்கான மரக்கூரையும், உள்ளே கூடாரத் துணி தொங்குவதுபோல் வளைந்தேறும் மரவிதானமும் கொண்டவை. விதானம் முழுதும் சிங்கம், மான், யானை, இராசிகள், எபிரேய வேண்டுதல்கள். ஆணியை விடப் பொருத்தை நம்பிய தச்சு. போருக்கு முன் வார்சாவின் கட்டடக்கலை மாணவர்கள் பலவற்றை அளந்து வரைந்து வைத்தார்கள். நாஜிகளின் காலத்தில் ஏறக்குறைய அனைத்தும் எரிந்தன. குவோஸ்தியெத்ஸ் என்னும் ஊர்ப் பள்ளியின் கூரையையும் விதானத்தையும், எஞ்சிய வரைபடங்களையும் நிழற்படங்களையும் கொண்டு, பழைய கைக்கருவிகளாலேயே மூல அளவின் 85 விழுக்காட்டில் செய்து வார்சாவின் போலின் அருங்காட்சியகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அளவெடுத்தல் என்பது எவ்வளவு பெரிய காப்புப் பணி என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

18 பிப்ரவரி 2024

வெளி வடிவத்துக்கு விதி இல்லை என்று முதல் குறிப்பில் எழுதினேன். இப்போது அதை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். ஊரிலேயே உயரமான கட்டடமாக யூதப்பள்ளி இருக்க வேண்டும் என்று தல்மூத் விரும்புகிறது. ஆனால் கிறிஸ்தவ ஆட்சியும் முஸ்லிம் ஆட்சியும் பல இடங்களில் அதற்கு இடம் தரவில்லை. ஆக வெளி வடிவம் விதியின்மையால் மட்டும் உருவானதல்ல; மற்றவர் விதித்த விதியாலும் உருவானது.

செக் நாட்டுப் பிராகாவில் "பழைய புதிய பள்ளி" எனப்படும் யூதப்பள்ளி சுமார் 1270இல் கட்டப்பட்டது. ஐரோப்பாவில் இன்றும் தொழுகை நடக்கும் மிகப் பழைய யூதப்பள்ளி அதுவே. தெருமட்டத்திலிருந்து படியிறங்கித்தான் கூடத்துக்குள் செல்கிறார்கள். வெளியே உயர முடியாத கூடம் தரையைத் தாழ்த்தி உள்ளே உயரம் தேடிக்கொள்கிறது. "ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்ற சங்கீத வரியை மரபு இந்தப் படிகளோடு சேர்த்துச் சொல்கிறது. நடுவில் எண்கோணத் தூண்கள் இரண்டு. அவற்றின் மேல் விலா வளைவுகள் ஐந்தைந்தாக விரிகின்றன. சிலுவை வடிவம் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஐந்தாவது விலாவைச் சேர்த்தார்கள் என்பது வழிவழி வரும் விளக்கம்.

கேரளத்தில் இந்த நெருக்கடி வேறு விதமாக இருந்தது. சுமார் கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர இரவிவர்மன், யூதர் தலைவரான ஈசுப்பு இறப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. தமிழ் வாசகர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தால் பகல் விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்ற சொற்கள் தாமாகவே விளங்கும். இன்னின்னது செய்யாதே என்று சொன்ன ஐரோப்பிய ஆணைகளோடு, தோரணம் கட்டிக்கொள் என்று சொன்ன இந்த ஆணையை வைத்துப் பார்க்க வேண்டும்.

25 பிப்ரவரி 2024

உட்புறம் எங்கும் ஒன்று, வெளிப்புறம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும் என்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் பேழை பொதுவாகக் கிழக்கே; கொச்சியில் எருசலேம் மேற்கே இருப்பதால் பேழையும் மேற்கே. கிழக்கு ஐரோப்பியர் வாசிப்பு மேடையைக் கூடத்தின் நடுவில் வைப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1675இல் திறந்த போர்த்துகீசிய யூதப்பள்ளியில் அது பேழைக்கு எதிர்க்கோடியில் நிற்கிறது. அங்கே தரையில் மணல் தூவுகிறார்கள். கரீபியத் தீவான கூராசாவோவின் 1732ஆம் ஆண்டுப் பள்ளியிலும் மணல்தான். பாலைவனப் பயணத்தின் நினைவு என்று சிலரும், மறைந்து தொழுத முன்னோர் காலடியோசையை அடக்கியதன் நினைவு என்று சிலரும் விளக்குகிறார்கள்.

கேரளத்தில் நடந்த மாற்றம் இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. அங்கே நடுவில் ஒரு மேடை இருப்பதோடு, மேல்மாடத்தில் இரண்டாவது மேடை ஒன்றும் இருக்கிறது. ஓய்வுநாளிலும் திருநாளிலும் சுருளைப் படியேற்றிக் கொண்டுபோய் அங்கிருந்து வாசித்தார்கள். அந்த மேடைக்குப் பின்னே, மரச்சல்லடைத் தட்டிக்கு அப்பால், பெண்கள் அமர்ந்திருந்தார்கள். பிராகாவின் பெண்கள் தடித்த சுவரில் விட்ட குறுந்துளைகள் வழியே கேட்டார்கள்; பரவூரின் பெண்களுக்கோ வாசிப்பவரின் மூச்சு கேட்கும் தூரம். மலையாளத்தில் விவிலியக் கதைகளைப் பாட்டாகக் கட்டிக் கையேடுகளில் எழுதிப் பாடி வந்தவர்கள் இந்தச் சமூகத்துப் பெண்கள். பாட்டுக்கும் மேடைக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ என்னால் இயலாது. அந்தத் தட்டியின் பின்னே நின்றபோது உண்டு என்றே நினைத்தேன்.

10 மார்ச் 2024

கடைசியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: உட்புறம்தான் யூதப்பள்ளி என்றால், உட்புறத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் யூதப்பள்ளி இடம்பெயர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. மட்டாஞ்சேரியில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடவும்பாகம் பள்ளி இருந்தது. 1950களில் கேரளத்து யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் கட்டடம் கைமாறி, பண்டகசாலையாகப் பயன்பட்டது. 1991இல் தாமரைகள் செதுக்கிய அதன் மச்சும் மரவேலைகளும் பிரிக்கப்பட்டு எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 1995இல் காட்சிக்கு வந்தன. கடவும்பாகத்தின் சொந்தப் பேழை அதற்கு முன்பே நெகாலிம் என்னும் குடியிருப்புக்குப் போய்விட்டதால், அருங்காட்சியகத்தில் அந்த மச்சின் கீழ் நிற்பது பரவூரின் பேழை. பக்கத்து அறைகளில் இத்தாலியின் விட்டோரியோ வெனேத்தோ, ஜெர்மனியின் ஹோர்ப், சூரினாமின் பரமரிபோ ஆகிய ஊர்ப் பள்ளிகளின் உட்புறங்கள் நிற்கின்றன.

மட்டாஞ்சேரியில் விட்டுவந்த கூட்டின் ஒரு பகுதி 2019 செப்டம்பரில், மழைக்குப் பின், இடிந்து விழுந்தது. மச்சு இல்லாத சுவர் என்ன ஆகும் என்று என் தந்தையைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். உத்தரமும் மச்சுச் சட்டங்களும் எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்துக் கட்டுகின்றன. உட்புறம் ஒரு பொருள், வெளிப்புறம் ஒரு பொருள் என்று இந்த இழையில் இரண்டு மாதமாக நான் பிரித்து எழுதிவந்தது, சுவரின் பார்வையில் தவறு.

பரவூரில் முசிறி மரபுத் திட்டத்தின் கீழ் கட்டடத்தைச் சீரமைத்தபோது, வெற்றாகக் கிடந்த மேற்குச் சுவரின் முன் புதிய பேழை ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். எருசலேமில் உள்ள மூலப்பேழையின் பிரதி அது. பொன்பூச்சு இன்னும் மங்காதிருந்தது. கதவைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன், திறந்தார்கள். உள்ளே சுருள் இல்லை, புது மரத்தின் வாசனை இருந்தது.